இழையைப் பிரிக்காமல் படிக்கும் புரதம்

ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸைச் செரிக்கும் மரபணுக்களைத் தேவையில்லாத நேரத்தில் மூடிவைப்பது, டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தைப் பிடித்து நிற்கும் லாக் ஒடுக்கி என்ற புரதம். இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று ஜாக்கோபும் மோனோவும் 1961இல் சொன்னபோது, அது ஆர்.என்.ஏ.வாக இருக்கும் என்றே நினைத்தார்கள். 1966இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்துப் புரதம்தான் என்று காட்டினார்கள். மேதைகளே தடுமாறிய விஷயத்தில் நமக்குச் சில தவறான எண்ணங்கள் இருப்பதில் வியப்பில்லை.

நம்பிக்கை: டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்க இரு இழைகளையும் பிரித்தாக வேண்டும்.

உண்மை: தேங்காய் முற்றலா என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறோம்; உடைப்பதில்லை. டி.என்.ஏ.விலும் அப்படித்தான்: எழுத்துகள் சேர்ந்த கார இணைகளின் விளிம்புகள் சுருளின் பெரும்பள்ளத்தில் வெளியே தெரிகின்றன. ஏ–டி, டி–ஏ, ஜி–சி, சி–ஜி என்ற நான்குக்கும் அங்கே ஹைட்ரஜன் பிணைப்பு வாய்ப்புகள் வெவ்வேறு வரிசையில் அமைகின்றன. சிறுபள்ளத்தில் ஏ–டியும் டி–ஏயும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒடுக்கி தன் சுருள்துண்டு ஒன்றைப் பெரும்பள்ளத்தில் நுழைத்துப் படிப்பது இதனால்தான்.

நம்பிக்கை: தனக்குரிய இடத்தைத் தவிர வேறெதையும் ஒடுக்கி தொடாது.

உண்மை: தொடுகிறது, பெரும்பாலான நேரமும் அதே வேலைதான். சுமார் 46 லட்சம் கார இணைகளுக்கு நடுவே, செல்லுக்குப் பத்துச் சொச்சம் ஒடுக்கிகளே உண்டு. அவை பொருந்தாத இடங்களில் லேசாக ஒட்டி, விலகி, மீண்டும் ஒட்டுகின்றன. திரவத்தில் மிதந்துவந்து தற்செயலாக மோதினால் ஆகும் வேகத்தைவிட ஒடுக்கி விரைவாகத் தன் இடத்தைப் பிடிப்பதை, 1970இல் ரிக்ஸ் குழுவினர் சோதனைக்குழாயில் அளந்தார்கள். அது டி.என்.ஏ. மீது வழுக்கியபடியே தேடுகிறது என்பது ஒரு விளக்கம். 2012இல் உப்சாலா ஆய்வாளர்கள் உயிருள்ள செல்லிலேயே அந்த வழுக்கலைக் காட்டினார்கள். ஒவ்வொரு வழுக்கலும் ஏறத்தாழ 45 இணைத் தூரம். இன்னொன்றையும் கண்டார்கள், எனக்கு மிகப் பிடித்தது அதுதான்: தன் இடத்தின் மேலேயே பலமுறை போய்வந்த பிறகே ஒடுக்கி அங்கே நிற்கிறது! நின்றபின் அதன் கீல்பகுதி சுருளாக மடிந்து சிறுபள்ளத்தில் நுழைய, டி.என்.ஏ.வும் வளைகிறது.

நம்பிக்கை: இயற்கை தந்த இடமே ஆகக் கச்சிதமாகப் பொருந்தும்.

உண்மை: இல்லை. அந்த இடத்தின் இரு பாதிகளும் சமச்சீரானவை அல்ல. ஆய்வகத்தில் சமச்சீராகச் செய்த இடத்தை ஒடுக்கி இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது.