“வெளியே போ” என்றால்?

“வெளியே போ! இது என் வீடு.”

அடிபட்ட பெண் அடிக்கடி கேட்கும் சொல் இது. போலாரத்திலும் கேட்கிறது, சென்னையிலும் கேட்கிறது. தெருவில் நிற்க வேண்டுமே என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது? படிப்போம்.

முதலில், நடந்த கதை ஒன்று.

நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஓர் ஊர். அங்கே பெண்கள் அறிவொளி வகுப்பில் படித்தார்கள். பாடத்தில் சாராயத்தால் கெட்ட குடும்பத்தின் கதை வந்தது. அது அவர்கள் வீட்டுக் கதை போலவே இருந்தது. கூடிப் பேசினார்கள். ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். பல ஊர்ப் பெண்களும் போராடினார்கள். 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது.

கடையை மூடினால் போதுமா? போதாது. குடிக்காதவனும் அடிக்கிறான். அதனால் சட்டமும் வேண்டும்.

மனைவியைக் கொடுமை செய்தால் சிறை என்று 1983-இல் சட்டம் வந்தது. ஆனால் எல்லாப் பெண்களும் கணவனைச் சிறைக்கு அனுப்பக் கேட்பதில்லை. அடி நிற்க வேண்டும். பிள்ளைகளோடு தங்க இடம் வேண்டும். செலவுக்குப் பணம் வேண்டும். இவற்றுக்காகவே 2005-இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடப்பில் இருக்கிறது.

அது சொல்வது:

• அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. இழிவாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறைதான்.
• பட்டா யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்க மனைவிக்கு உரிமை உண்டு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவளை வெளியேற்றக் கூடாது.
• “அவளை நெருங்காதே” என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை.

எங்கே சொல்வது? பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். அவர் மனு எழுத உதவுவார். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்; வருமானம் பார்ப்பதில்லை. பெண்கள் உதவிக்குத் தொலைபேசி எண் 181. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

கல்லானாலும் கணவன் என்பார்கள். கல் தானாக எழுந்து அடிப்பதில்லை, அக்கா!

பேசுவோம், எழுதுவோம்:

1. பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் நாம் என்ன செய்யலாம்?
2. 181, 112 என்ற எண்களை மூன்று முறை எழுதுங்கள்.