வைக்கோற்கட்டு வீடுகளும் பூகம்பமும்

2005-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 8-ந் தேதி காஷ்மீரத்திலும் வட பாகிஸ்தானத்திலும் உண்டான பூகம்பத்தில் 70,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். இவர்களிற் பெரும்பாலோர் இடிந்து விழுந்த கட்டடங்களின்கீழ் அகப்பட்டவர்களே. அதன் பின்னர், பாகிஸ்தானத்தின் மலைக்கிராமங்களில் வைக்கோற்கட்டுகளை அடுக்கி, இருபுறமும் களிமண் பூசிய வீடுகள் சில கட்டப்பெற்றன. அவை பூகம்பத்தைத் தாங்கும் விதத்தை ஈண்டு விளக்குவோம்.

வைக்கோல் இலேசானது, ஆகையால் பூமி அசையும்போது சுவரின்மேல் உண்டாகும் விசை குறைவு. ஆயினும் சுவரை விறைப்பாக நிறுத்துவது பூச்சேயாகும். களிமண் பூச்சு அழுத்தத்தை ஒருவாறு தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுவர் பக்கவாட்டில் ஆடுங்கால் வெறும் பூச்சு வெடித்துப் பாளம் பாளமாகப் பெயரும். இதைத் தடுக்கவே பூச்சினுள் வலை பதிக்கப்படுகிறது. பாகிஸ்தானத்தில் இதற்கு நைலான் மீன்வலை உபயோகிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை:

1. வலையானது அஸ்திவாரத்தில் தொடங்கிச் சுவரின் இருபுறமும் மேலேறி, கூரையைத் தாங்கும் மரச்சட்டத்துடன் உறுதியாகப் பிணைக்கப்படவேண்டும். நடுச்சுவரில் மாத்திரம் ஒட்டிய வலையாற் பெரும் பயனில்லை.

2. வலையைத் தொய்வின்றி இழுத்து, இருபுறத்து வலைகளையும் சுவரினூடே கயிற்றாற் பிணைக்கவேண்டும்.

3. களிமண்ணுடன் மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைதல் வேண்டும். அப்பொழுது காயுங்கால் வெடிப்பு குறையும். முதற்பூச்சை வைக்கோலினுள் ஏறும்படி அழுத்திப் பூசுக.

4. ஈரவைக்கோல் மக்கிப் பலமிழக்கும். ஆதலின் நன்கு உலர்ந்த கட்டுகளையே கொள்ளவேண்டும். அஸ்திவாரத்தை உயர்த்தி, இறவாரத்தை அகலமாக நீட்டுதலும் அவசியம்.

2009-ஆம் வருஷம் அமெரிக்காவில் ரீனோ நகரிலுள்ள நெவாடா சர்வகலாசாலையில், இம்முறைப்படி 14 அடிச் சதுரமான வீடொன்றைக் கட்டி, அதிரும் மேடைமீது வைத்துச் சோதித்தனர். 1994-ஆம் வருஷத்து நார்த்ரிட்ஜ் பூகம்பத்திற் பதிவான அசைவைப் போல் இருமடங்கு அசைத்தும், வீடு சேதமுற்றதேயன்றி இடிந்து விழவில்லை. உள்ளிருப்போர் உயிர் தப்ப இதுவே முக்கியம்.

வலை சரியாகப் பிணைக்கப்பட்டதா என்பதைப் பூச்சு மூடியபின் எவரும் அறிய இயலாது. ஆகவே வீட்டுக்காரரும் கிராம அதிகாரியும் பூசுவதற்கு முன்னரே சுவரின் அடியையும் தலையையும் தம் கையால் இழுத்துப் பார்த்துக்கொள்வது நலம்.