சுமப்பவரின் சுமை

குருக்ஷேத்திரப் போர் முடிந்தது, பாண்டவர்கள் வென்றார்கள். ஆனால் வெற்றி பெற்ற யுதிஷ்டிரரின் உள்ளத்தில் அமைதி இல்லை. கர்ணன் தம் உடன்பிறந்த அண்ணன் என்று தெரிந்த வேதனை ஒருபுறம். ஆசிரியர் துரோணரிடம் சொன்ன பொய்யின் நினைவு மறுபுறம். அரசு வேண்டாம், காடே போதும் என்றார். உண்ணாமலிருந்து உயிரை விடப்போவதாகவும் ஒரு கட்டத்தில் கூறினார். இதை மகாபாரதத்தின் சாந்தி பர்வம் மறைக்காமல் சொல்கிறது. களத்தில் ஓய்ந்த போர் வீரனின் உள்ளத்தில் ஓயாமல் தொடரக்கூடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இந்த உண்மையை நமக்கு நினைவூட்டும் வாழ்க்கை ஒன்று அண்மைக் கால வரலாற்றிலும் உண்டு.

காட்டில் ஆறு நாட்கள்

சார்லஸ் விட்டில்சி நியூயார்க் நகரத்து வழக்கறிஞர். 1884-இல் பிறந்தவர், மூக்குக்கண்ணாடி அணிந்த, அமைதியான மனிதர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து மேஜரானார். 1918 அக்டோபர் தொடக்கத்தில், பிரான்சின் ஆர்கோன் காட்டில், ஏறத்தாழ 550 வீரர்களோடு அவர் ஜெர்மானியப் படையால் சூழப்பட்டார். உணவு தீர்ந்தது, காயங்களுக்குக் கட்டுத்துணியும் தீர்ந்தது. அக்டோபர் 4 அன்று சொந்தப் படையின் பீரங்கிக் குண்டுகளே அவர்கள்மீது விழுந்தன. எஞ்சியிருந்த கடைசித் தூதுப் புறாவின் காலில் செய்தி கட்டி அனுப்பி, அதை நிறுத்தும்படி கேட்டார் விட்டில்சி. சரணடையுமாறு எதிரிகள் கடிதம் அனுப்பினர், அவர் பணியவில்லை. அக்டோபர் 7 இரவு மீட்புப் படை வந்து சேர்ந்தது. 194 பேர் மட்டுமே தம் கால்களால் நடந்து வெளியே வந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மிக உயர்ந்த படை விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' அவருக்கு வழங்கப்பட்டது. நாடே அவரைக் கொண்டாடியது.

கொண்டாட்டத்தின் மறுபக்கம்

ஊர் திரும்பிய விட்டில்சி மீண்டும் வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். ஆனால் போர் அவரை விடவில்லை. கூட்டங்களில் பேச அழைத்தார்கள். ஒவ்வொரு மேடையும் அவரை மறுபடியும் அந்தக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. துன்பத்தில் இருந்த பழைய வீரர்களும், மகனை இழந்த குடும்பத்தாரும் அவரைத் தேடி வந்தார்கள். காயமுற்றவர்களைச் சென்று பார்த்தார். இறுதிச் சடங்குகளில் கலந்துகொண்டார். செஞ்சிலுவைச் சங்கத்திற்காகவும் உழைத்தார். எல்லோரும் தத்தம் துயரத்தை அவரிடம் இறக்கி வைத்தனர். அவர் தம் துயரத்தை எங்கே இறக்கி வைப்பார்?

1921 நவம்பர் 11 அன்று ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில், பெயர் அறியப்படாத வீரர் ஒருவரின் உடல் தேசிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. அதில் மரியாதைக்காக உடன் சென்ற வீரர்களுள் விட்டில்சியும் ஒருவர். இரு வாரங்களுக்குப்பின் ஹவானா செல்லும் கப்பலில் ஏறினார். கப்பல் ஹவானாவை அடைந்தபோது அவர் அதில் இல்லை. உற்றாருக்கும் நண்பர்களுக்கும் அவர் எழுதிய கடிதங்களே கிடைத்தன. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 37.

நோய்க்குப் பெயர் உண்டு

போர்க்களத்தில் மனம் உடைவதை 'ஷெல் ஷாக்' என்று மருத்துவ இதழொன்று குறிப்பிட்டது 1915-இல். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் தம் நோய்க் கையேட்டில் சேர்த்தது 1980-இல்தான். கண்ட காட்சி கேளாமலே திரும்பத் திரும்ப வருதல், கொடுங்கனவுகள், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், உற்றாரிடமிருந்து விலகுதல், தான் மட்டும் பிழைத்தோமே என்ற குற்ற உணர்வு ஆகியவை இதில் காணப்படும். விட்டில்சியை எந்த மருத்துவரும் இந்தப் பெயரால் அறிந்ததில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அப்பெயரே பிறக்கவில்லை.

இத்தகையவரைக் கோழை என்றோ, நம்பிக்கை குறைந்தவர் என்றோ, பாவி என்றோ சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆறு நாட்கள் பசியோடும் குண்டுகளுக்கு நடுவிலும் உறுதியாய் நின்றவரைக் கோழை என்று யார் சொல்வது? கால் எலும்பு முறிந்தவனிடம், 'பக்தி இருந்தால் நடப்பாய்' என்று எவரும் கூறுவதில்லை. முறிந்த மனத்திற்கும் அதே நியாயம் வேண்டும்.

சேவை செய்பவர் கற்கவேண்டியது

துயருற்றவர்களிடம், 'பிறருக்குச் சேவை செய்யுங்கள், மனம் தெளியும்' என்று சொல்வது நம் வழக்கம். பலருக்கு அது உண்மையாகவும் அமைகிறது. ஆனால் விட்டில்சி சேவை செய்யாமலா இருந்தார்? கொடுத்துக்கொண்டே இருந்தார், பெறுவதற்கு இடம் இல்லாமல் போயிற்று. சேவை செய்வது தர்மமானால், தேவைப்படும்போது சேவையை ஏற்பதும் தர்மமே. அதில் இழிவு இல்லை.

இங்கே மறுபடியும் யுதிஷ்டிரரை நினைப்போம். அவர் மனம் உடைந்தபோது தம்பியரும் திரௌபதியும் கண்ணனும் வியாசரும் சூழ்ந்திருந்தனர். சிலர் கடிந்தும் பேசினர். ஆயினும் எவரும் அவரைத் தனியே விட்டு எழுந்து போகவில்லை. பின்னர் அவரை பீஷ்மரிடம் அழைத்துச் சென்றனர். அதே போரில் வீழ்ந்து அம்புப் படுக்கையில் கிடந்தவரே அவருக்கு ஆறுதலும் அறிவுரையும் தந்தார். போரின் வலியை அறிந்தவர் சொல் போரில் புண்பட்டவர் செவியில் ஏறும்.

நம் நாட்டிலும் படையிலிருந்து திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ இல்லங்களில் உள்ளனர். அவர்களிடம் வீரக்கதை கேட்பதற்குமுன், 'இரவில் தூக்கம் வருகிறதா?' என்று கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம். உபதேசத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். வாழ வேண்டாம் என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால் அதை விளையாட்டாகக் கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

விட்டில்சியின் உடல் கிடைக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய நினைவுக்கல் ஒன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. கல்லில் பெயர் பொறிப்பது இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை. உயிரோடிருக்கும் வீரரின் அருகில் சற்று நேரம் அமர்ந்து கேட்பது அவருக்குச் செய்யும் வழிபாடு. நம்மைத் தாங்கியவர்களைத் தாங்கும் தோளை இறைவன் நமக்கு அருள்வானாக!