வேலை இடத்து மன அழுத்தமும் 'ஹெல்த் கோச்சிங்'கும்



மெக்கானிக்கல் படிக்கும் நமக்கு 'ஸ்ட்ரெஸ்' என்றால் விசையைப் பரப்பால் வகுத்தது, அவ்வளவுதான். ஆனால் பாடத்தில் இன்னொன்றும் உண்டு. ஈல்டு பாயிண்டுக்குக் கீழான சுமைகூட லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் எஃகு முறிந்துபோகும். இதற்கு 'ஃபெடீக்' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் இப்படித்தான் முறிந்தன. மனிதனுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு வித்தியாசம், ஓய்வு கொடுத்தால் மனிதன் தேறுவான், எஃகு தேறாது.

என் அப்பா கரும்பு வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் உடம்பு வலி தெரியும், 'மன அழுத்தம்' என்ற வார்த்தை தெரியாது. டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் வேலை பார்க்கும் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், லீவுக்குத் திருவெண்ணெய்நல்லூர் வந்தால் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறார். எழுந்தால் எரிந்து விழுகிறார். "மாசம் பொறந்தா சம்பளம், இவனுக்கு என்ன கொறச்சல்?" என்கிறது ஊர். நாளை நாமும் அங்கேதான் போகப்போகிறோம்.

சூப்பர்வைசர் கத்தும்போது உடம்பில் அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் தணிந்துவிட்டால் பாதகமில்லை. தினமும் இதே என்றால் தூக்கம் கெடும், பி.பி. ஏறும். பெரிய பதவிக்காரர்களுக்குத்தான் டென்ஷன் என்று நாம் நினைக்கிறோம். லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. இதய நோயால் இறந்தவர்கள் கீழ்நிலை ஊழியர்களிலேயே அதிகம். வேலைச் சுமை அதிகம், ஆனால் அந்த வேலையில் தன் இஷ்டப்படி எதையும் மாற்ற முடியாது என்ற நிலைதான் மோசமானது என்று ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதினார். லைனில் நிற்கப்போகும் டிரெய்னியின் நிலை அதுதானே!

ஹெல்த் கோச் மருத்துவர் அல்ல. "உப்பைக் குறை, டென்ஷன் ஆகாதே" என்று உபதேசம் செய்பவரும் அல்ல. அவர் கேட்பார். எது உன்னை அதிகம் வாட்டுகிறது? அதில் எதை உன்னால் மாற்ற முடியும்? இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்வதானால் எது? பதில் நம்முடையது. அடுத்த வாரம் மறக்காமல் திரும்பக் கேட்பார். விஷயமே அந்தத் திரும்பக் கேட்பதில்தான் இருக்கிறது.

அந்த அண்ணனிடம் நானே கேட்டுப் பார்த்தேன். "நைட் ஷிப்ட் வாரத்துல எதுண்ணே ரொம்பக் கஷ்டம்?" என்றேன். "காலைல ரூமுக்கு வந்தா தூக்கம் வரலடா" என்றார். காபி, டீயிலுள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அவர் விடியற்காலை 4 மணிக்கு டீ குடிக்கிறவர்! கடைசி டீயை 1 மணிக்கு மாற்றுவது, ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிடுவது, இரண்டும் அவரே சொன்ன யோசனைகள். இப்போது பரவாயில்லை என்கிறார். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நம் மாநிலத்தில் இதைப் பெரிய அளவில் செய்தது காவல்துறை. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையின் துணையோடு 2018-இல் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சித் திட்டம் வந்தது. காவலர்களிலிருந்தே பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், குடும்பத்தினரையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பந்தோபஸ்தில் நின்றவனுக்குத்தானே நிற்பவன் கால்வலி தெரியும்?

ஆனால் பேச்சு மட்டும் போதாது. காவலர்களுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு தர 2021-இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதே ஆண்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்று துணி எடுத்துப் போடும் அக்காவிடம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்பதைவிட ஒரு ஸ்டூல் கொடுப்பது மேல். வேலையை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றப் பார்க்கும் கோச்சிங் ஏமாற்று என்பேன்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது கோச்சிங் விவகாரம் இல்லை, சிகிச்சை விவகாரம். டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேம்பஸ் இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். நாம் "நோ சார்" என்று எழுந்து வந்துவிடுகிறோம். ஷிப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், வார லீவு எப்போது, ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் பேசலாம் என்ற மூன்றையும் இந்த வருடம் நாம் கேட்டுப் பார்க்கலாம்.