தட்டில் தொடங்கும் பாடம்

 



அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள், சிறுவயதில் நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்தவர்கள். சாப்பிட உட்கார்ந்தால் அவர்களுடைய கை தட்டு முழுக்க அலையும். நபியவர்கள் மூன்றே விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள்: பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும், வலது கையால் சாப்பிட வேண்டும், தனக்கு அருகில் இருப்பதை எடுக்க வேண்டும். அன்றிலிருந்து தாம் சாப்பிடும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவர்களே பிற்காலத்தில் அறிவிக்கிறார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

இதை மக்தபில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆனால் அந்தப் பாடம் எங்கே நடந்தது என்று யோசிப்பதில்லை. சொல்லிக் கொடுத்தவரும் கூட உட்கார்ந்து சாப்பிட்ட தட்டில் நடந்தது. நம் வீட்டில் பிள்ளை ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிறது, தாய் ஊட்டிக்கொண்டே இருக்கிறார். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. வயிறு நிறைந்ததே தெரியாத பிள்ளைக்கு அந்த அளவு எப்படிப் பிடிபடும்?

சென்ற மாதம் மக்தபில் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சீனியைப் போட்டுக் காட்டினேன். கடையில் விற்கும் 250 மில்லி கலர் பாட்டிலில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. பாட்டில் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப ஏன் ஹஜ்ரத், பரீட்சையில பாஸானா அதையே வாங்கித் தர்றீங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பல வருடங்களாக நான்தான் கொடுத்து வந்தேன்.

அடுத்தது விளையாட்டு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பெஞ்ச், மக்தபில் பாய், டியூஷனில் நாற்காலி. மூன்றிலும் உட்கார்ந்தேதான் இருக்கிறது. "தொழுகையே உடற்பயிற்சிதானே ஹஜ்ரத்" என்று சிலர் சொல்வார்கள். தொழுகை இபாதத். அதைக் காட்டி பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.

அப்பாஸ் (ரலி) அவர்களின் பிள்ளைகளை நபியவர்கள் வரிசையாக நிறுத்தி, முதலில் ஓடி வருபவருக்குப் பரிசு என்று சொல்ல, அவர்கள் ஓடி வந்து நபியவர்களின் மார்பிலும் முதுகிலும் விழுவார்களாம். முஸ்னத் அஹ்மதில் உள்ள இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருக்கிறது. ஆனால் ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்தது அபூதாவூதில் உள்ளது. பெண் பிள்ளைக்கு எட்டு வயது ஆனதுமே "ஓடாதே" என்று அதட்டும் தகப்பன்மார்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிற்காலத்தில் சர்க்கரையும் மூட்டு வலியுமாக அவதிப்படும் நம் வீட்டுப் பெண்களையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நிர்வாகிகளிடம் பேசிவிட்டேன். வருகிற திங்கள் முதல் மாலை மக்தப் இருபது நிமிடம் முன்னதாக முடியும். பள்ளிவாசல் பின்பக்க இடத்தில் பிள்ளைகள் விளையாடலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டு. இனி பரீட்சைப் பரிசு பேரீச்சம்பழமும் ஸ்கிப்பிங் கயிறும். நிக்காஹ் வைப்பவர்கள் கலர் பாட்டிலுக்குப் பதிலாக மோரோ இளநீரோ கொடுத்தால், அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லிவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.