விருப்ப வாக்கு

வாக்கு என்பதற்குச் சொல் என்பதும் பொருளாம். வாக்காளன் ஒரு சொல்லோடு நில்லாது, அடுத்த சொல்லையும் உரைக்க இடந்தருவது விருப்ப வாக்கு முறை. அதன் இயல்பை இலங்கைச் சனாதிபதித் தேர்தல் கொண்டு ஆராய்வாம்.

ஆண்டு வாக்காளர் 1, 2, 3 என மூவர்க்கு எண்ணிடலாம். எவரும் செல்லத்தக்க வாக்குகளிற் பாதிக்குமேற் பெறாவிடின், முதலிருவர் நீங்கலாக ஏனையோர் விலக்கப்படுவர். விலக்கப்பட்டோர் சீட்டுகளில் அடுத்த விருப்பம் அவ்விருவருள் ஒருவர்க்காயின், அவர்க்கே அது கூட்டப்படும்.

முதற்றேர்தல் நிகழ்ந்தது 1982இல். இரண்டாம் எண்ணிக்கை முதன்முதல் வேண்டப்பட்டதோ 2024 செப்டம்பரில். 22 மாவட்டங்களுள் அநுர குமார திசாநாயக்க 15இலும் சஜித் பிரேமதாச 7இலும் முந்தினர். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, நுவரெலியா ஆகியவை பிரேமதாசவுக்கே முதன்மை தந்தன. யாழ்ப்பாணத்தில் அரியநேத்திரன் இரண்டாமிடம் பெற்றார். ஆயினும் மாவட்ட முதன்மை வெற்றியாகாது. நாடு முழுவதும் ஒரே தொகையாம். அத்தொகையில் திசாநாயக்க 42.31 விழுக்காடும் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றமையின், அரியநேத்திரன் உள்ளிட்ட ஏனையோர் விலக்கப்பட்டனர்.

விலக்கப்பட்டோர் வாக்குகள் 33 இலட்சத்தின் மேலன. அவற்றுள் திசாநாயக்கவுக்கு 1,05,264, பிரேமதாசவுக்கு 1,67,867 சேர்ந்தன. வேற்றுமை சிறிது குறைந்ததேயன்றி, முடிபு மாறிற்றிலது, திசாநாயக்கவே வென்றார்.

நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுச் சீட்டுகளே இறுதிப் போட்டியிற் பேசின, எஞ்சியவை மௌனமாயின. வாக்காளர் விரும்பி வாளாவிருந்தனரோ, முறையை அறியாது விடுத்தனரோ? சீட்டு அதனை உரையாது. அறியாமையாயின், அஃது இரங்கத்தக்கது. உரிமையைச் சட்டத்திற் பொறித்தல் அமையாது. அதனைப் பயன்படுத்துமாறு முன்னரே எடுத்துரைத்தல் கற்றோர் கடனாமென்று நாம் கருதுகின்றோம்.