யாருக்கு முதலில் சொல்வது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றுச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாய் என்று உன் அப்பன் சொன்னான். ரொம்ப சந்தோஷம். ஊருக்கு நீ எச்.எம். ஆனாலும் இந்த வீட்டுக்குப் பாப்பாதான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போனில் ஒன்று கேட்டாய்: பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ.வுக்குச் சொல்வதா, மாவட்டக் கல்வி அலுவலரான டி.இ.ஓ.வுக்குச் சொல்வதா என்று. புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. ஆனால் அதிகாரி இந்த வரிசையில் மூன்றாவது ஆள். முதலில் பிள்ளை, அடுத்து பெற்றவர்கள், அதற்குப் பிறகுதான் ஆபீஸ். இந்த வரிசையை மாற்றிய இடங்களில்தான் சின்ன விபத்து பெரிய வழக்காகிறது. எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும்: நடந்ததை நடந்தபடி அன்றைக்கே எழுதி வைப்பது.

பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு 2008இல் வந்தது. அதற்கு முன் நாங்கள் டிராக்டரிலும் பால்வண்டியிலும் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறோம். இப்போது ஒரு போன் போதும். ஆனால் பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க, பள்ளிக்கூடம்" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடம்? ஊர், ஒன்றியம், எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், பக்கத்தில் என்ன அடையாளம், பிள்ளைக்கு என்ன வயது, என்ன ஆனது, நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று சொல்ல வேண்டியதை வரிசையாக ஒரு அட்டையில் எழுதி, ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டிவிடு. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதே. ஒரு ஆசிரியரை மெயின் ரோட்டு முனைக்கு அனுப்பிவிடு. கிராமத்தில் வண்டி தடம் தெரியாமல் சுற்றுவதில்தான் பாதி நேரம் போகிறது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் எந்த ஆட்டோ, யார் கார் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்.

வண்டி வரும்வரை என்ன செய்வது என்பதைவிட, என்ன செய்யக் கூடாது என்பதை உன் ஆசிரியர்களுக்கு முதலில் சொல். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவியைத் திணிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இரும்பு எதையும் நிறுத்தாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை காலை அமுக்கக் கூடாது. சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்து, தலைக்கடியில் துணியை வை, வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், முதல் தடவையாக வந்திருந்தாலும் 108.

சாம்பார் கொட்டிவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டு. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். விளையாட்டில் நிலைத்த பல் வேரோடு விழுந்துவிட்டால் வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்துக் குளிர்ந்த பாலில் போட்டு, பிள்ளையோடு அதையும் பல் டாக்டரிடம் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோ. திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு. தலையில் அடிபட்டவன் "ஒண்ணுமில்ல சார்" என்று சொன்னாலும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு மறந்துவிடாதே. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். அன்றிரவு வீட்டிலும் கவனிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

உன் பள்ளிக்கூடம் வயலுக்கு நடுவில் இருக்கிறது. ஆகவே பாம்பு. கயிற்றை இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மட்டை வைத்துக் கட்டி, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ஆகவே பாம்பை அடித்துக் கொண்டுபோகிற வீரம் தேவையில்லை. கட்டுவிரியன் கடித்தால் தடமே சரியாகத் தெரியாது. பிள்ளை "ஏதோ குத்திச்சு" என்று சொன்னால் முள் என்று முடிவு கட்டிவிடாதே. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த அரசு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து எப்போதும் இருப்பில் இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டு வை.

ஆஸ்பத்திரிக்கு நீயே கூடப் போ. சீனியர் ஆசிரியரிடம் பள்ளிப் பொறுப்பை ஒப்படைத்து இயக்கப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போ. மாணவர் விவரங்கள் இருக்கும் எமிஸ் பதிவில் உள்ள பெற்றோர் நம்பர், ரத்த வகை, ஏற்கெனவே சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். "போலீசுக்குச் சொல்லிவிட்டு வாங்க" என்று எந்த ஆஸ்பத்திரியும் உயிர் காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு, தனியார் என்று பார்க்காமல் எல்லா டாக்டருக்கும் சொன்ன தீர்ப்பு அது. பள்ளி வாசலில் வண்டி மோதிய கேஸ் என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரத்துக்கு அரசு செலவில் பார்ப்பார்கள். 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்களே, "எப்படி நடந்தது?" என்று கேட்டு எழுதுவார்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல். மாடிப்படியில் விழுந்தவனை "வீட்டிலேயே விழுந்துட்டு வந்தான்" என்று எழுதவைத்த புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். டாக்டரின் வைத்தியமும் தப்பும், பிறகு நீ எழுதும் ஒவ்வொரு காகிதமும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிற வேலையாகிவிடும்.

அடுத்து பெற்றவர்கள். 108க்குப் பேசிய கையோடு அம்மாவுக்குப் பேசு. பியூனை விட்டோ, பக்கத்து வீட்டுப் பையனை விட்டோ சொல்லாதே; உன் குரலில் போகட்டும். சுற்றி வளைக்காதே. "நான் எச்.எம். பேசுறேன்மா. தம்பி இடைவேளையில கீழ விழுந்துட்டான். தலையில அடி. நெனப்பு இருக்கு, பேசுறான். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறோம், நான் கூடவே இருக்கேன். நீங்க நேரா அங்க வந்துடுங்க." இவ்வளவுதான். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே. "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்றும் சொல்லாதே. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன் வாட்ஸப்பில் செய்தி போய்ச் சேர்ந்தால், அந்தத் தாய் அப்புறம் நீ சொல்கிற எதையும் நம்பமாட்டாள். அடிபட்ட பிள்ளையின் படத்தை எந்த ஆசிரியரும் எந்தக் குரூப்பிலும் போடக் கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்.

இப்போது ஆபீஸ். பி.இ.ஓ.வுக்கு உடனே போன், அன்று மாலைக்குள் எழுத்தில். உயிருக்கு ஆபத்தான காயம், மரணம், உணவு நச்சு, தீ, கட்டடம் இடிவது என்றால் போலீஸ், தீயணைப்பு, வருவாய்த் துறை என்று சேர வேண்டிய இடமெல்லாம் சேர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கும் சொல்லிவிடு. ஊர் கூடிக் கேட்கும்போது உன் பக்கத்தில் நிற்கப்போவது அவர்தான்.

அறிக்கை எழுதுவதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: "மாணவன் இடைவேளையில் கவனக்குறைவாக ஓடித் தவறி விழுந்து லேசான காயமடைந்தான். உடனடியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டு நலமாக உள்ளான்." எங்கே விழுந்தான், எத்தனை மணிக்கு, யார் பார்த்தது? லேசான காயம் என்று முடிவு செய்தது யார்? எட்டு வயதுப் பிள்ளை ஓடினால் அது கவனக்குறைவா? மாதிரிக்கு நான் ஒன்று எழுதுகிறேன்:

"காலை 10.50, இடைவேளை. நான்காம் வகுப்பு மாணவன் குடிநீர்த் தொட்டி அருகே வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தான். குழாய் கசிந்து தரையில் பாசி பிடித்திருந்தது. பின்தலையில் வீக்கம். நினைவு தப்பவில்லை. 11.05க்கு ஒரு முறை வாந்தி. 11.06க்கு 108. 11.08க்குத் தாயாருக்குப் போன். நேரில் பார்த்தவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. குழாயைச் சரிசெய்ய ஊராட்சிக்கு இன்று கடிதம் கொடுக்கப்பட்டது."

இதில் யார்மேலும் பழி இல்லை. நாளைக்கு யார் கேட்டாலும் திருத்த ஒன்றும் இல்லை. பாசி என்ற உண்மையை எழுதினால் நம் தலையில் விடியும் என்று பயப்படுவார்கள். எழுதாவிட்டால் அதே பாசியில் அடுத்த வாரம் இன்னொரு பிள்ளை விழும்.

ஆபத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் தெரியாதவர் இருக்க முடியாது. 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த கொட்டகையில் பற்றிய தீ மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், இறங்குவதற்குக் குறுகலான படி. 94 குழந்தைகள். கீற்றுக் கூரை என்ன, ஒளித்துவைத்த பொருளா? பார்த்தவர்கள் பல பேர். ஆபத்து என்று அதை எழுதி, அகற்றும்வரை விடாமல் நின்றவர் யாருமில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. அந்தத் தீ விபத்தை முன்வைத்து நடந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கிற உரிமையும் சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது.

அதே ஜூலை 16ஆம் தேதி, 2013இல், பீகாரின் சாரன் மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. எண்ணெய் சரியில்லை என்று சமைத்தவர் சொல்லியும் தலைமையாசிரியை கேட்கவில்லை என்பது அப்போது வந்த செய்தி. 2016இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆயாவோ, சமையலரோ, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோ, யார் வந்து "இது சரியில்ல" என்றாலும் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார். பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது சடங்கில்லை. அப்புறம் 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராகப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் சாவுக்குப் பிறகுதான் நமக்குக் கணக்கெடுக்கத் தோன்றுகிறது.

அதனால் ஒரு நோட்டுப் போடு. பள்ளியின் விபத்துப் பதிவேடு தனியாக இருக்கட்டும். இது ஒன்றும் ஆகாமல் தப்பியவற்றுக்கு. கழன்று தொங்கும் சுவிட்ச் பெட்டி, ஆடுகிற மின்விசிறி, மதில் சுவரில் விரிசல், கழிப்பறைக்குப் பின்னால் பாம்புச் சட்டை, கூட்ட நெரிசலில் கேட் பட்டு நசுங்க இருந்த விரல். தேதி, என்ன, யார் சொன்னது, நாம் என்ன செய்தோம், நான்கே கலம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிற நேரத்தில் கொதிக்கிற சாம்பார் அண்டாவை இருவர் தூக்கிக்கொண்டு அந்த வரிசையைக் கடந்து போவார்கள். பல பள்ளிகளில் தினமும் நடக்கிற காட்சி. அண்டா இறங்கி மேடையில் உட்கார்ந்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும் என்று மாற்றிவிடு. செலவு ஒரு பைசா கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த நோட்டைப் படித்துக் காட்டு. சொன்ன ஆளைத் திட்டாதே. ஒரு தடவை திட்டினால் அப்புறம் யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தன்னிடம் யாரோ தப்பாக நடந்துகொண்டதாகச் சொன்னால், அதுவும் அவசரம்தான். நீ விசாரணை நடத்தாதே, இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதே, "பள்ளி மானம் போகும்" என்று யார் சொன்னாலும் காது கொடுக்காதே. பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு உடனே போலீசுக்குத் தெரிவி, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பேசு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமலிருப்பது குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. அந்தப் பிள்ளையின் பெயர் உன் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது.

இவ்வளவும் படித்துவிட்டு மலைத்துப்போகாதே. விபத்து நடந்ததற்காக ஒரு தலைமையாசிரியர் கெட்டுப்போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. மறைத்ததற்காகக் கெட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். மேலதிகாரி "பெரிசு பண்ணாதீங்க டீச்சர்" என்பார். "சரிங்க ஐயா, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நடந்ததை முழுசாக எழுது.

திங்கட்கிழமை மூன்று வேலை செய். 108 அட்டையைச் சுவரில் ஒட்டு. தீயணைப்பு நிலையத்துக்கு எழுதி ஒரு ஒத்திகைக்குத் தேதி வாங்கு. முதலுதவிப் பெட்டியைத் திறந்து காலாவதியான மருந்தை எல்லாம் குப்பையில் போடு. பிறகு ஒரு புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணில் பட்டதை எழுது. எழுதியது எத்தனை வரி என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். ஒன்றுமே இல்லை என்று சொன்னால் இன்னொரு சுற்றுச் சுற்றிவரச் சொல்வேன்.

ஆசீர்வாதங்களுடன்,
பெரியப்பா